இடை சிறுத்த தென்னை

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் சாலையில் தோப்புகளை ஒட்டி நிதானமாக நடந்தால் ஒரு காட்சி கண்ணில் படும். அடியிலிருந்து ஒரே பருமனாக ஏறி வரும் தென்னை, இருபதடி உயரத்தில் சட்டென்று இளைத்திருக்கும். இரண்டு முழ நீளத்துக்கு இடுப்பை இறுக்கிக் கட்டினாற்போல ஒடுங்கி, அதற்கு மேல் பழைய பருமனுக்கு வந்திருக்கும். தோப்புக்காரரைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார். "அது மழை பொய்ச்ச வருசமுங்க. கெணத்துல சொட்டுத் தண்ணி இல்லீங்க. அதுக்கப்பறம் எவ்வளவு தண்ணி பாய்ச்சி என்னங்க, அந்த எடம் பருக்கவே இல்லை."

வேம்பும் புளியும் பட்டைக்கு அடியில் ஆண்டுதோறும் புது வளையம் போட்டுப் பருப்பவை. ஒரு வருடம் இளைத்தால் அடுத்த வருடம் அதை மூடிக்கொள்ளும். தென்னைக்கு அந்த வளையம் கிடையாது. உச்சிக் குருத்து எந்தப் பருமனில் தண்டை உண்டாக்கியதோ, ஆயுளுக்கும் அதுதான். காய்ப்பிலும் இதே கதை. இன்றைக்கு வெட்டும் குலை, குருத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத மொட்டாக உருவாகத் தொடங்கி ஏறக்குறைய 44 மாதம் ஆகியிருக்கும். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் காய் ஏன் குறைந்தது என்று கேட்பவர் மூன்று வருடம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மனிதக் குழந்தைக்கும் இப்படி ஒரு குருத்துக் காலம் உண்டு. கருவில் இருக்கும் மாதங்களும் பிறந்த பிறகான இரண்டு வருடங்களும் சேர்ந்து சுமார் 1000 நாள். அந்த நாள்களில் ஊட்டம் குறைந்தால் உயரமும் எடையும் குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தராசும் அளவுநாடாவும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தராசில் ஏறாத இன்னொரு தடமும் அப்போது விழுகிறது. அதிர்ச்சி வந்தால் நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும், ஊசி குத்தினால் எவ்வளவு துடிக்க வேண்டும் என்று உடம்பு தனக்குள் வைத்திருக்கும் அளவுகளில் பல, அந்த நாள்களில்தான் பொருத்தப்படுகின்றன.

"எதுக்கெடுத்தாலும் பயந்துக்கறான்", "தொட்டாச்சிணுங்கி", "கோவம் வந்தா அடங்க மாட்டேங்கறா" என்று பிள்ளைகளைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் குணத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. அதில் ஒரு பங்கைப் பசியின் கணக்கில் எழுத வேண்டும் என்று அறிவியல் சொல்லத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

குன்னூரில் கடித்த எலிகள்

இதன் முதல் தடயங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, நீலகிரி மலைமேல் கிடைத்தது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கேரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஒற்றை அறைதான் பின்னாளில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் மெக்கேரிசன். கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு வரிசையின் கடைசியில் நின்றது. ராகிக் களியும் கம்மங்கூழும் கொள்ளுப் பருப்பும் தின்ற கொங்குக் காட்டு விவசாயியின் தட்டு அந்த 'சென்னை உணவு' என்ற ஒற்றைப் பெயருக்குள் அடங்குமா என்பது வேறு விவாதம்.

நமக்கு வேண்டியது அவருடைய இன்னொரு சோதனை. ஒரு கூட்டம் எலிகளுக்கு இங்கிலாந்தின் ஏழைகள் அன்று சாப்பிட்ட உணவைக் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர், வெந்து குழைந்த காய், டப்பா இறைச்சி. எலிகள் வளரவில்லை, நோயில் விழுந்தன. அதோடு நிற்காமல் அவை வெடவெடப்பாக இருந்ததையும், கூண்டைத் திறந்த பணியாளர்களைக் கடித்ததையும், தமக்குள் ஒத்துப் போகாமல் கடைசியில் நலிந்த எலிகளைக் கொன்று தின்றதையும் மெக்கேரிசன் எழுதி வைத்தார். குடலையும் நுரையீரலையும் பார்க்க உட்கார்ந்தவர் கண்ணில் இது தற்செயலாகப் பட்டது. ஆனாலும் விட்டுவிடாமல் குறித்துக்கொண்டார்.

அதை ஒரு கேள்வியாக்கிச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லெவிட்ஸ்கியும் ரிச்சர்ட் பார்ன்ஸும். எலிக்குஞ்சுகளைப் பச்சிளம் பருவத்தில் அரைவயிறாக வளர்த்து, பிறகு வயிறாரச் சாப்பாடு போட்டு, பெரிய எலிகளான பின் சோதித்தார்கள். பசி தீர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் வேண்டாத ஒன்று எதிர்ப்பட்டால் அந்த எலிகள் மற்றவற்றைவிட மிகையாக மிரண்டன. 1970-இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. வயிற்றுக்கு மறந்துபோனது நரம்புக்கு மறக்கவில்லை என்பதற்கு அது முதல் நேரடிச் சான்றுகளில் ஒன்று.

வாசற்காவலும் தாழ்ப்பாளும்

எப்படி நடக்கிறது இது? மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றினால் அது பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குச் சொல்லும். அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கும். சேமித்த சர்க்கரை வெளியே வரும், இரத்த அழுத்தம் ஏறும், உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகும். ஆபத்து தீர்ந்ததும் நிறுத்த வேண்டுமே? அதே கார்ட்டிசால் மூளைக்குத் திரும்பி, ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு "போதும்" என்று சொல்லும். தொட்டி நிரம்பியதும் தானாக நின்றுவிடும் மோட்டார் மாதிரி ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பிகள் குறைந்துபோனால் "போதும்" என்ற சொல் கேட்காது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

கருவிலேயே இதில் கைவைக்கப்படுகிறது. தாயின் இரத்தத்தில் கார்ட்டிசால் அளவு கருவினதைவிடப் பல மடங்கு அதிகம். அது அப்படியே உள்ளே போய்விடாமல் இருக்க, நஞ்சுக்கொடியில் ஒரு நொதி வாசற்காவல் இருக்கிறது. வரும் கார்ட்டிசாலில் பெரும்பகுதியைச் செயலற்றதாக மாற்றி அனுப்பும். கருவுற்ற எலிகளுக்குப் புரதம் குறைந்த தீனி கொடுத்தபோது இந்த நொதியின் வேலை தளர்ந்தது. தாயின் பதற்றம் வடிகட்டப்படாமல் குட்டிக்குப் போனது. வெளி உலகம் ஆபத்தானது என்ற செய்தியை, கண் திறக்குமுன்பே குட்டியின் உடம்பு வாங்கிக்கொண்டது.

செய்தி எங்கே எழுதப்படுகிறது? மரபணுவின் எழுத்தில் மாற்றம் எதுவும் இல்லை. மரபணுவின் மேல் மீத்தைல் என்ற சிறு வேதித் தாழ்ப்பாள்கள் உண்டு. எந்த மரபணு திறந்திருக்க வேண்டும், எது சாத்தியிருக்க வேண்டும் என்று முடிவு செய்பவை அவை. அந்தத் தாழ்ப்பாளுக்கான பொருள் சாப்பாட்டிலிருந்தே வருகிறது. கீரையின் ஃபோலேட், பாலிலும் முட்டையிலும் மீனிலும் உள்ள பி12, புரதத்தின் மெத்தியோனின். கருவில் புரதம் குறைந்த எலிகளின் கல்லீரலில், கார்ட்டிசால் வகை ஹார்மோன்களை ஏற்கும் மரபணுவின் தாழ்ப்பாள்கள் குறைந்திருந்ததை 2005-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே குறைந்த தீனியோடு ஃபோலிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த மாற்றம் நடக்கவில்லை.

இதை உடம்பின் பிழை என்று தள்ளிவிட முடியாது. உள்ளே பஞ்சம் என்றால் வெளியேயும் பஞ்சமாகத்தான் இருக்கும், சட்டென்று மிரள்பவனே பிழைப்பான் என்று உடம்பு கணக்குப் போடுகிறது. பிறந்த பிறகு பஞ்சம் தீர்ந்துவிட்டால் கணக்கு தப்பிப்போகிறது. தேவையில்லாத இடத்தில் நெஞ்சு படபடக்கிறது.

வலியின் வால்வு

வலிக்கும் பதற்றத்துக்கும் வழி ஏறக்குறைய ஒன்றே. முள் குத்திய செய்தி தண்டுவடம் வழியாக மேலே ஏறும்போதே, மூளையிலிருந்து ஒரு கட்டளை கீழே இறங்கி வரும்: "இவ்வளவு போதும், அடக்கு." எண்டார்ஃபின், செரட்டோனின் போன்றவை அந்தக் கட்டளையின் ஆள்கள். வாய்க்காலில் மடை திறந்து அடைப்பதுபோல வலியின் ஓட்டத்தை அவை கூட்டும், குறைக்கும். செரட்டோனினை உடம்பு டிரிப்டோஃபான் என்ற புரதக் கூறிலிருந்து செய்துகொள்கிறது. புரதமே எட்டாத பருவத்தில் இந்த மடைகள் கட்டப்பட்டால் என்ன ஆகும்?

எலிகளில் விடை கிடைத்தது. பால்குடிப் பருவத்தில் அரைவயிறாக இருந்த எலிகள், பிற்காலத்தில் காலடியில் வைத்த மிகக் குறைந்த மின்சாரத்துக்கே துள்ளின. ஆனால் எல்லாச் சோதனைகளும் ஒரே பக்கம் சாயவில்லை. சிலவற்றில் பதில் மிகையாகிறது, சிலவற்றில் மரத்துப்போகிறது. கார்ட்டிசாலிலும் இதே இரட்டை முகம் உண்டு. எப்போதும் ஓடிய மோட்டார் ஒருநாள் ஓட வேண்டிய நேரத்திலும் ஓடாமல் நின்றுவிடுவதில்லையா? அடியை வாங்கிக்கொண்டு முகம் மாறாமல் நிற்கும் பிள்ளையை "கல்லுளிமங்கன்" என்கிறோம். பதறும் பிள்ளைக்கும் மரத்த பிள்ளைக்கும் பின்னால் ஒரே கதை இருக்கக்கூடும்.

மனிதர்களில் வலியைப் பற்றி அதிகம் தெரியவந்தது குறைமாதக் குழந்தைகளிடமிருந்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் குதிகாலில் ஊசி வாங்கிய குழந்தைகள், பிற்காலத்தில் வலிக்கும் பதற்றத்துக்கும் மற்றவர்களைப் போலப் பதில் தருவதில்லை. அதே பிரிவில் இன்னொன்றும் தெரிந்தது. ஊசி போடும் நேரத்தில் குழந்தையைத் தாயின் வெறும் மார்பில், தோலோடு தோலாக வைத்திருந்தால் இதயத்துடிப்பு குறைவாகவே ஏறுகிறது, அழுகை சீக்கிரம் அடங்குகிறது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய 'கங்காரு' முறை இது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. இந்தத் தொடுகைக்குக் கட்டுரையின் கடைசியில் திரும்புவோம்.

தாதுவும் ஆம்ஸ்டர்டாமும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்தைக் கொங்கு நாடு இன்றும் 'தாது வருடப் பஞ்சம்' என்றே சொல்கிறது. கோயம்புத்தூர் மாவட்டமும் அதில் சிக்கியது. நிவாரணச் செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், வெயிலில் கல் உடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் போதும் என்று 1877-இல் நிர்ணயித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதில் உடம்பு நிற்காது என்று எதிர்த்து எழுதினார். அந்த முகாம்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து எதற்கு மிரண்டார்கள், எதற்கு மரத்தார்கள் என்று பதிவு செய்ய ஆளில்லை.

அந்தப் பதிவு இன்னொரு பஞ்சத்தில் கிடைத்தது. 1944 குளிர்காலத்தில் நாஜிப் படைகள் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் அடைத்தன. ஒரு கட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 800 கலோரி. ஆம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா மருத்துவமனை அந்தப் பட்டினியிலும் பிரசவப் பதிவேட்டை ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. ஐம்பது வயது கடந்த அந்தக் 'குழந்தைகளை' ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து, மனத்தை நெருக்கும் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். கருவின் முதல் மாதங்களில் பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு இரத்த அழுத்தம் மற்றவர்களைவிட அதிகம் எகிறியது. ஆனால் கார்ட்டிசாலில் வேறுபாடு தெரியவில்லை. பஞ்சம் எல்லாக் கம்பியையும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. கருவுற்ற சமயத்தில் பஞ்சம் தாக்கியவர்களின் வளர்ச்சி மரபணு ஒன்றில் மீத்தைல் தாழ்ப்பாள்கள் 60 ஆண்டு கழித்தும் குறைந்திருந்ததை 2008-இல் வந்த ஆய்வு காட்டியது.

பஞ்சம் என்று பெயர் வைக்கும் அளவுக்குப் போகாத அன்றாடப் பற்றாக்குறை என்ன செய்யும்? ஜமைக்காவில் இரண்டு வயதுக்குள் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை எட்டு, பத்து வயதில் சோதித்தார்கள். 1998-இல் வந்த முடிவு: இதயத்துடிப்பு கூடுதல், உமிழ்நீரில் கார்ட்டிசால் கூடுதல். பார்படோஸ் தீவில் ஜனினா கேலர் 1967-க்கும் 1972-க்கும் இடையே பிறந்த சிலரை நாற்பது ஆண்டுக்கு மேல் தொடர்ந்தார். முதல் வயதில் ஒரே ஒருமுறை கடும் ஊட்டக் குறைபாட்டால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அவர்கள். பிறகு 12 வயது வரை சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் குறையில்லை. உடம்பு ஏறக்குறையத் தேறிவிட்டது. ஆனால் பள்ளியில் அவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கவனக் குறைபாடு இருந்தது. ஒப்பிட்ட வகுப்புத் தோழர்களில் அது 15 சதவீதம். நாற்பது வயதில் அவர்கள் எளிதில் கவலைப்படுகிறவர்களாகவும் புதியதைக் கண்டு தயங்குகிறவர்களாகவும் இருந்தார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கணக்கு

பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்தவர் சி. சுப்பிரமணியம். மத்திய உணவு அமைச்சராக 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்கியவர் என்று நாடு அவரை அறியும். அதற்குப் பத்தாண்டு முன்பு காமராஜர் மதிய உணவைத் தொடங்கிய 1956-இல் சென்னை மாநிலக் கல்வித் துறையும் நிதியும் அவர் கையில்தான் இருந்தன.

அந்தத் திட்டம் லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. ஆனால் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வயது ஐந்தோ ஆறோ. நம் தென்னைக் கணக்கில் இடை விழும் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டின் உணவுத் திட்டங்களின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் சுவையான ஒன்று புலப்படும். ஆண்டுகள் சற்று முன்பின்னாக இருந்தாலும், திட்டங்கள் வயதில் கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. 1956-இல் பள்ளிப் பிள்ளை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு இரண்டு வயதுப் பிள்ளையையும் பந்தியில் உட்கார வைத்தது. அதற்கு முன்பே 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதக் குழந்தையிலிருந்து மாதம் தவறாமல் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி கருவிலேயே போய்த் தொட்டது. 2018 முதல் அதன் மதிப்பு 18,000 ரூபாய். மீத்தைல் தாழ்ப்பாளை யாரும் மனத்தில் வைத்துத் திட்டம் தீட்டவில்லை. அனுபவம் தானாக அறிவியல் சொன்ன திசையில் நடந்திருக்கிறது.

பாதை இன்னும் மிச்சம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை 57.4 சதவீதக் குழந்தைகளுக்கு இரத்தசோகை. இரும்புச்சத்துக்கும் நாம் பேசும் பொருளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நரம்பின் மேலுறைக்கும் டோபமைன் சுரப்புக்கும் இரும்பு வேண்டும். கோஸ்ட்டா ரிக்காவில் பெட்ஸி லோசாஃப் தொடர்ந்த குழந்தைகளில், கைக்குழந்தைப் பருவத்தில் இரும்புச்சத்து வெகுவாகக் குறைந்தவர்கள் சிகிச்சை பெற்ற பிறகும், பதின்வயதை எட்டும்போது அதிகக் கவலையும் சோர்வும் உடையவர்களாக இருந்தார்கள்.

எடை போடும் நாள்

எடை போடும் நாளில் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமப் பால்வாடி ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். அங்கன்வாடி என்று பலகை இருந்தாலும் ஊருக்கு அது பால்வாடிதான். உத்தரத்தில் மாட்டிய தராசின் தொட்டிலில் உட்கார வைத்ததும் குழந்தை வீறிடும். "ஏஞ்சாமி அழுவறே, ஒண்ணுமில்லெ கண்ணு, மாமன் வந்திருக்கான் பாரு" என்று ஆயா கையைத் தட்டிக்காட்டுவார். முள் நின்றதும் டீச்சர் எடையை எழுதுவார். சில குழந்தைகள் தூக்கியதும் அடங்கும். சில குழந்தைகள் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தும் பத்து நிமிடம் விம்மும். "இவ எப்பவும் இப்பிடித்தானுங்க" என்று அம்மா சங்கடத்தோடு சொல்வார். ஆயா பதில் சொல்லாமல் தட்டிக்கொண்டே இருப்பார்.

அந்தத் தட்டலின் மதிப்பு எவ்வளவு? லெவிட்ஸ்கியும் பார்ன்ஸும் 1972-இல் மறுபடி ஒரு சோதனை செய்தார்கள். பச்சிளம் பருவத்தில் பட்டினி கிடந்த எலிகளைத் தனியாக அடைத்து வளர்த்தபோது பாதிப்பு பெருகியது. கையில் எடுத்து, விளையாட இடம் கொடுத்து வளர்த்தபோது நடத்தையில் தெரிந்த பாதிப்பே மறைந்துபோனது. ஜமைக்காவில் 1980-களில் இதை மனிதர்களில் பார்த்தார்கள். வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலருக்குப் பால் மாவு. சிலருக்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, கைவசப் பொருள்களில் செய்த பொம்மைகளோடு தாயையும் பிள்ளையையும் சேர்த்து விளையாட வைத்தார். சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவும் இல்லை. இரண்டே வருடம்தான். 17, 18 வயதில் பார்த்தபோது விளையாட்டு கிடைத்தவர்களுக்குக் கவலையும் சோர்வும் குறைந்திருந்தன. பால் மாவு மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை. 22 வயதில் விளையாட்டு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள்.

ஆக, சத்துமாவுப் பொட்டலமும் முட்டையும் வேலையின் பாதி. மறுபாதியை ஆயாவின் தோளும், திண்ணையில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடும் அமுச்சிப் பாட்டியும் செய்கிறார்கள். ஆனைமலைக் காட்டுக்குள் தார்ச்சாலை போகாத பழங்குடிக் குடியிருப்புகளுக்குத் தராசைச் சுமந்து போகும் பணியாளருக்கு, எடை எழுதுவதோடு அரைமணி நேரம் விளையாடிவிட்டு வரவும் நேரம் கொடுக்க வேண்டும். பதிவேட்டில் எடைக்குக் கட்டம் இருக்கிறது. விம்மல் அடங்க எடுத்த நேரத்துக்குக் கட்டம் இல்லை.

பள்ளியில் தொட்டதற்கெல்லாம் சீறும் பையனையும், ஊசி என்றாலே மயங்கும் பெண்ணையும், அடித்தாலும் அசையாதவனையும் "குணம் அப்படி" என்று ஒதுக்குமுன், அவர்கள் கருவில் இருந்த வருடம் அந்த வீட்டில் அடுப்பு எத்தனை வேளை எரிந்தது என்று ஒரு கணம் நினைக்கலாம். ஆசிரியருக்கும் செவிலியருக்கும் அது புது வேலை எதையும் சேர்க்காது. குரலை ஒரு படி தாழ்த்தச் சொல்லும், அவ்வளவுதான்.

இடை சிறுத்த தென்னையும் காய்க்கும். மரம் ஏறுபவர்களுக்கு அது தெரியும். பருத்த தண்டில் இறுக்கமாகப் பிடித்துவந்த தளை அந்த இடம் வந்ததும் தளரும் என்பதும் தெரியும். மரத்தைத் திட்டமாட்டார்கள். அங்கே மட்டும் ஒரு நொடி நின்று, தளையைச் சரி செய்து, காலைப் பார்த்து வைத்து மேலே போவார்கள்.